தாத்தா வேலை பார்த்த கிளப்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலாகப் பார்த்தால் நான்கு கேள்விகள். பெங்களூர் கிளப் எந்த வருஷம் தொடங்கியது, அந்தக் கட்டடம் என்ன பாணி, அதன் வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்ததா, பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில் அங்கே 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனது நிஜமா. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. "என் அம்மாவின் அப்பா அங்கே பில்லியர்ட்ஸ் மார்க்கராக இருந்தார். நான் அந்த மதிலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. அந்த இடத்தின் சரித்திரத்தில் எங்களைப் போன்ற அல்சூர்க்காரர்களுக்கு ஏதாவது பங்கு உண்டா?" இதுதான் கேள்வி. மற்ற நான்குக்கும் பதில் இதன் வழியாகவே வந்துவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். கட்டடப் பொறியாளர். பெங்களூரின் தண்டில், அதாவது ராணுவக் கன்டோன்மென்ட் பகுதியில், இருக்கும் பழைய பங்களாக்கள், சர்ச்சுகள், பள்ளிக்கூடங்களைப் பழுதுபார்ப்பது 27 வருஷமாக என் தொழில். சுண்ணாம்பு, தேக்கு, ஓடு பற்றி நான் சொல்வது கைப்பட்ட விஷயம். வருஷங்கள், பெயர்கள் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவை. பெங்களூர் கிளப்பின் கட்டடத்தில் நான் வேலை செய்ததில்லை. உறுப்பினராக இருக்கும் நண்பர் ஒருவருடைய விருந்தாளியாக மூன்று நான்கு தடவை போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

தொடங்கிய வருஷம் 1868. இதில் சந்தேகம் இல்லை. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது. அப்போது அதன் பெயர் பெங்களூர் யுனைடெட் சர்வீஸ் கிளப். வயதானவர்கள் சிலர் இன்றும் பி.யூ.எஸ். கிளப் என்று சொல்வதைக் கேட்கலாம். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். பெங்களூர் கிளப் என்ற பெயர் 1940களின் நடுவில் வந்தது. இந்தியாவில் கிளப் என்ற வழக்கத்துக்கு இது முதல் இடமும் இல்லை. கல்கத்தாவில் பெங்கால் கிளப் 1827, சென்னையில் மெட்ராஸ் கிளப் 1832. பெங்களூருக்கு அது வர 1868 ஆனதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் விழுந்த பிறகு அங்கே இருந்த படையைக் காய்ச்சல் வாட்டியது. மேடான, குளிர்ச்சியான இடம் தேடி 1809இல் அல்சூர் ஏரிக்கு மேற்கே தண்டு போட்டார்கள். கன்னடத்தில் அது 'தண்டு', நம் ஊர்க்காரர்கள் வாயிலும் தண்டுதான். அதன்பின் 50 வருஷத்துக்கு மேல் அது பெரும்பாலும் ராணுவக் குடியிருப்பாகவே வளர்ந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. மைசூர் ராஜ்யம் 1831 முதல் ஆங்கிலேயக் கமிஷனர்களின் கையில் இருந்தது. சர்க்கார் ஊழியர்கள், குடும்பங்கள், பணம் எல்லாம் ரயிலோடு வந்து சேர்ந்தன. 1868 என்ற அந்த ஒரே வருஷத்தில் கிளப் பிறந்தது, கப்பன் பூங்காவில் சிவப்பு அட்டார கச்சேரி (இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடம்) கட்டி முடிந்தது, கமிஷனர் பௌரிங் பெயரில் பௌரிங் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது. பௌரிங்கைத் தொடங்கியவர் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படியெடுத்த பி. எல். ரைஸ். அது படிப்புக்கும் நூலகத்துக்குமான சங்கமாக ஆரம்பித்துப் பிற்பாடு கிளப் ஆனது.

இந்தப் படையோடு வந்தவர்கள் யார்? ஆற்காடு, வேலூர் பக்கத்திலிருந்து கொத்தனார், தச்சர், தையல்காரர், சமையல்காரர், காண்ட்ராக்டர் என்று சாரி சாரியாக வந்தவர்கள். தண்டு மெட்ராஸ் ராணுவத்தின் தண்டு, அதனால் அதன் சந்தையில் பேசிய பாஷை தமிழ். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரைச் செல்லமாகத் 'தம்பி' என்றுதான் ராணுவத்தில் அழைக்கிறார்கள். அட்டார கச்சேரியைக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அதை மேற்பார்த்தவர் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த ரிச்சர்ட் சாங்கி. முதலியார் சம்பாதித்த பணத்தில் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளி. அல்சூர்க்காரர் என்பதால் உங்கள் வீட்டில் யாராவது அங்கே படித்திருக்கவும் கூடும். அதே ஊர், அதே வருஷம் என்பதால் கிளப்பையும் அவரே கட்டியிருப்பார் என்று முடிச்சுப் போட எனக்கே ஆசை வரும். அப்படிப் போடக்கூடாது. காகிதம் இருந்தால்தான் பெயர் சொல்லலாம். ஆனால் அந்தப் பத்து இருபது வருஷங்களில் தண்டில் எழும்பிய சுவர்கள் எந்தக் கைகளால் எழும்பின என்பதைச் சொல்ல ஒருவர் பெயர் வேண்டியதில்லை. சுவரும் கூரையுமே சொல்லும். அதற்கு வருகிறேன்.

பாணி என்று கேட்டீர்கள். புத்தகத்தில் காலனிய பாணி, கிளாசிக்கல் தூண்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நான் அதைப் பெருத்துப்போன பங்களா என்றுதான் சொல்வேன். பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசை வீட்டிலிருந்து வந்தது. சுற்றிலும் தாழ்வாரம், நடுவே கூடம், மேலே தாழ இறங்கும் கூரை. அதை எடுத்து அகலப்படுத்தி, திண்ணைக்கு ரோமானியத் தூண் வைத்து, வண்டி வந்து நிற்க முன்னால் ஒரு போர்டிகோ சேர்த்தால் தண்டின் பங்களா. ஒரு குடும்பத்துக்குப் பதில் ஒரு ரெஜிமென்ட் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அதையே இழுத்துவிட்டால் கிளப். ரெசிடென்ஸி சாலையில் இருக்கும் அந்த வளாகத்துக்குள் போனால் முதலில் தெரிவது உயரம் இல்லை, கிடப்பு. மரங்களுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறது. லண்டன் கிளப்புகள் தெருவை ஒட்டி மூன்று நான்கு மாடி நிமிர்ந்து நிற்பவை. அந்த வரைபடத்தை இங்கே வைத்திருந்தால் ஏப்ரல் மாதத்தில் யாரும் உள்ளே உட்கார்ந்திருக்க முடியாது. ஆக, தூணின் வடிவமும் கார்னிஸின், அதாவது சுவர் உச்சி விளிம்பின், கோடும் இங்கிலாந்துப் படப் புத்தகத்திலிருந்து வந்தவை. வீடு இந்த மண்ணின் வெயிலும் மழையும் போட்ட திட்டம்.

இப்படிப்பட்ட கட்டடத்தின் தரைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னொன்றும் புரியும். முன்னால் போர்டிகோ, பிறகு வராந்தா, பிறகு கூடம், ஒவ்வொன்றையும் தாண்டத் தாண்ட உரிமை கூடும். பின்பக்கம் வேறு உலகம். குசினி தனிக் கட்டடமாகத் தள்ளி இருக்கும். தீ, புகை, வாசனை மூன்றுக்கும் பயந்து தள்ளி வைத்தது. அங்கிருந்து சாப்பாட்டு அறைக்கு ஒரு மூடிய நடைபாதை. அதன் பக்கத்தில் வேலையாட்கள் வந்து போகத் தனி வாசல், அதற்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கட்டடத்தின் முகத்தைப் படம் எடுப்பவர்கள் ஒரு நாளும் பின்பக்கத்தைப் படம் எடுப்பதில்லை. பழுதுபார்க்கப் போகும் நான் முதலில் அங்கேதான் போவேன், ஏனென்றால் மாற்றாமல் விட்டது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தண்டின் பழைய பங்களா ஒன்றில் குசினி நடைபாதையின் கருங்கல் படி நடுவில் சுமார் ஒரு விரல் ஆழத்துக்குத் தேய்ந்து இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முன்வாசல் படியில் அந்தத் தேய்மானத்தில் பாதிகூட இல்லை.

சரி, கூரை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு மிக நேரான பதில் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அந்தக் காலத்துத் தண்டுக் கட்டடங்களில் தட்டையான மாடி வேண்டும் என்றால் போட்டது மெட்ராஸ் டெரஸ். பெயரிலேயே ஊர் இருக்கிறது. தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் சுவரின் மேல் வைப்பார்கள். அதன் மேல் பலகை கிடையாது, முட்டுக் கிடையாது. ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனத்தில் பிரத்யேகமாகச் சுட்ட சின்னச் செங்கல். அதை நிமிர்த்தி, மூலையிலிருந்து குறுக்காக, ஒன்றின் முகத்தில் சுண்ணாம்பைத் தடவி முந்தையதன் மேல் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒட்டிய கல் கையை எடுத்ததும் நிற்கும். முட்டுக் கொடுக்காமல் அந்தரத்தில் ஒரு கூரை மூலையிலிருந்து எதிர்மூலை வரை வளர்ந்து போவதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டுவார்கள். அப்புறம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டுப் பலகையால் நாள்கணக்காக அடிப்பார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. அடி விழ விழ ஜல்லி இறுகும், சுண்ணாம்புப் பால் மேலே வரும். இறுதியாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள். இந்த வேலை எந்த ஆங்கிலேய நாட்டுப்புறத்திலும் கிடையாது. இது தொண்டை மண்டலத்துக் கொத்தனார் வேலை. படையோடு மேட்டுக்கு ஏறி வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காக்ஸ் டவுனில் ஒரு பங்களாவின் மாடி ஒழுகியது. அதற்கு முன்னால் பழுதுபார்த்தவர்கள் சுண்ணாம்பின் மேல் இரண்டு அங்குல சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ளே போன ஈரத்தை வெயிலில் வெளியே அனுப்பிவிடும். சிமென்ட் அந்த மூச்சை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் கீழே இறங்கி, சட்டங்களின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் தங்கிவிட்டது. வெளியே தெரிந்த தேக்கு இரும்பு மாதிரி இருந்தது. சுவருக்குள் இருந்த ஒரு சாணளவு, விரலால் தொட்டால் மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. என்னோடு வந்த மேஸ்திரி அல்சூர்க்காரர், அப்போதே எழுபது வயதுக்கு மேல். அவர் சிமென்டை உடைத்து எடுத்துவிட்டு, பழைய சுண்ணாம்பைக் கை முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "இது எங்க ஆளுங்க அடிச்ச தளம் தம்பி, வெண்கலம் மாதிரி பேசுது பாரு" என்றார். பேசியதைத் தான் நானும் கேட்டேன். அவர் சொன்ன 'எங்க ஆளுங்க' என்பதை எந்த ஆவணமும் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கூரையின் கீழ்ப்பக்கத்தில், செங்கல் இடுக்கில் வழிந்த சுண்ணாம்பில் மூன்று விரல்களின் தடம் பதிந்து இருந்தது. வழித்துவிட்டுக் கையை எடுத்த வேகம்கூடத் தெரிந்தது.

கட்டடத்தின் வயதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிளப்பின் வயதும் கட்டடத்தின் வயதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி இடங்கள் ஒரே மூச்சில் கட்டப்படுவதில்லை, தேவைக்கு ஏற்ப ஒரு அறை, ஒரு வராந்தா, ஒரு ஹால் என்று சேர்ந்துகொண்டே போகும். எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று பார்க்க எங்களுக்குச் சில வழிகள் உண்டு. சுண்ணாம்பா சிமென்டா, செங்கல் என்ன அளவு, தேக்குச் சட்டமா இரும்பு உத்திரமா, இரும்பு என்றால் அதில் எந்தக் கம்பெனியின் பெயர் வார்த்திருக்கிறது. இதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஓடு. பழைய மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கத்தின் பெயரும் 1865 என்ற எண்ணும் இருக்கும். உடனே "வீடு 1865" என்று பலகை எழுதிவிடுகிறார்கள். 1865 மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். 1920இல் சுட்ட ஓட்டிலும் அது இருக்கலாம். அதே போல ஜன்னலுக்கு மேல் கூம்பாகத் தொங்கும் மரப் பட்டிகளை இங்கே 'மங்கி டாப்' என்பார்கள். குரங்கு ஏறி உட்காரும் என்பதால் அந்தப் பெயர் என்பது செவிவழிக் கதை, அதை ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சாரல் அடிக்காமல் ஜன்னலைத் திறந்து வைக்க அது மிக நல்ல ஏற்பாடு, வேலைப்பாடு உள்ளூர்த் தச்சருடையது.

இப்போது சர்ச்சில். பாக்கி நிஜம். 1899இல் கிளப்பின் பாக்கிதாரர் பட்டியலில் 17 பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில், தொகை 13 ரூபாய். அந்தப் பக்கத்தைக் கிளப்பில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். செல்வ வரி விஷயமாக இந்தக் கிளப் நடத்திய வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்த 13 ரூபாயைச் சொல்லித்தான் தொடங்குகிறது, இன்றுவரை கட்டப்படவில்லை என்பதையும் சேர்த்து. அந்த வழக்கில் கிளப் ஜெயித்தது. 2013இல் வங்கி டெபாசிட் வட்டிக்கு வருமான வரி உண்டா என்ற வழக்கில் தோற்றது. சர்ச்சிலின் 13 ரூபாய் விஸ்கி பாக்கி என்று சொல்வார்கள். பில் பாக்கி என்பது மட்டுமே உறுதி. விஸ்கி சொல்பவர்கள் சேர்த்தது. 13 ரூபாய் என்பது அப்போது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, 15 ரூபாய் ஒரு பவுன். அதிகாரிக்குச் சின்னத் தொகை. பாக்கி எப்படி விழுந்தது என்பது கிளப் வழக்கத்தைப் பார்த்தால் விளங்கும். உள்ளே காசு புழங்காது. எது வாங்கினாலும் ஒரு 'சிட்', அதாவது சீட்டு, அதில் கையெழுத்துப் போடுவார்கள், மாசக் கடைசியில் கணக்கு வரும். சர்ச்சில் 1896இல் நான்காம் ஹுஸ்ஸார்ஸ் படையோடு வந்தார், நடுவில் பல தடவை போர்முனைக்கும் ஊருக்கும் போய் வந்தார், 1899இல் ராணுவத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மாசக் கணக்கு வந்தபோது ஆள் இல்லாமல் போயிருக்கலாம்.

அந்த 13 ரூபாயைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வந்த புதிதில் தன் தாய்க்கு எழுதிய ஒரு கடிதம். இரண்டு நண்பர்களோடு ஒரு பங்களாவில் இருந்தார். ஆளுக்கொரு பட்லர், உடை எடுத்துக் கொடுக்க ஆள், அவருக்கு ஒரு துணையாள், குதிரைக்கு ஒரு சையிஸ், அது போக மூன்று பேருக்கும் பொதுவாக 2 தோட்டக்காரர், 3 தண்ணீர்க்காரர், 4 டோபி, 1 காவல்காரர் என்று எண்ணி எழுதியிருக்கிறார். மூன்று இளைஞர்கள் வாழ அத்தனை பேர். தண்டில் பட்லர், சையிஸ், டோபி என்றால் அவர்களில் பெரும்பாலோர் எந்த வீதியிலிருந்து நடந்து வந்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் மேசையில் வைத்த மல்லிகடானி சூப் நம் மிளகுத்தண்ணீர். பிறகு துரைகள் பற்றவைத்த செரூட் நம் சுருட்டு. மெட்ராஸ் ராஜதானியில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு மற்ற ராஜதானிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'மல்', அதுவும் மிளகுத்தண்ணீரிலிருந்து வந்ததே.

உங்கள் தாத்தாவின் வேலைக்கு வருவோம். மார்க்கர் என்றால் எண்ணிக்கை சொல்பவர் மட்டும் இல்லை. பில்லியர்ட்ஸ் மேசை 12 அடிக்கு 6 அடி, அடியில் ஐந்து துண்டு ஸ்லேட் கல், மொத்த எடை ஒரு டன்னுக்கும் மேல். அதனால்தான் பில்லியர்ட்ஸ் அறை பெரும்பாலும் தரைத்தளத்தில் இருக்கும், மேசைக் கால்களுக்கு நேர் கீழே தனியாகக் கட்டுமானத் திண்டு கொடுத்திருப்பார்கள். மேசையின் பச்சைத் துணிக்கு மயிர்ப்போக்கு உண்டு. அந்தப் போக்கிலேயே துலக்கி, அந்தப் போக்கிலேயே இஸ்திரி போட வேண்டும், எதிர்ப்பக்கம் போட்டால் பந்து ஓடும் வழி மாறிவிடும். காலையில் இதெல்லாம் மார்க்கர் பொறுப்பு. சாயங்காலம் எண்ணிக்கை. ஜோடி கிடைக்காத உறுப்பினருடன் சேர்ந்து ஆடுவதும், புதிதாக வருகிறவருக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பதும் மார்க்கர்தான். பல கிளப்புகளில் சிறந்த ஆட்டக்காரர் மார்க்கராகவே இருந்தார் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பெயர் கோப்பைப் பலகையில் வராது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் ஊட்டி கிளப்பின் அறையில் எழுதி மாட்டப்பட்டு அங்கிருந்துதான் பரவின. அந்த அறையிலும் ஒரு மார்க்கர் நின்றிருப்பார்.

"இந்தியர்களுக்கும் நாய்களுக்கும் அனுமதியில்லை" என்று பலகை இருந்ததா என்றும் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கிளப்பில் அப்படி ஒரு பலகை இருந்ததைக் காட்டும் படத்தை யாராவது காட்டினால் ஏற்றுக்கொள்வேன். பலகைக்குத் தேவையே இல்லை என்பதுதான் விஷயம். இந்த மாதிரி கிளப்புகளில் யார் சேரலாம் என்று விதி இருந்தது, விதியைத் தாண்டினாலும் ரகசிய ஓட்டு இருந்தது. பெட்டிக்குள் வெள்ளைக் குண்டு போட்டால் சம்மதம், கறுப்புக் குண்டு போட்டால் மறுப்பு, சில கறுப்பு விழுந்தாலே ஆள் வெளியே. இதற்கு எதிராக இந்த ஊரில் எழுந்த பதில் செஞ்சுரி கிளப். 1917இல் மைசூர் திவான் விஸ்வேஸ்வரய்யா கப்பன் பூங்காவிலேயே அதைத் தொடங்கினார். 100 பேரோடு தொடங்கியதால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். தனக்கு யுனைடெட் சர்வீஸ் கிளப்பில் அவமானம் நேர்ந்ததால் தொடங்கினார் என்ற கதையும் உண்டு, அதை நான் கதை என்றே வைத்திருக்கிறேன். ஆனால் இந்தியர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை இருந்தது என்பதில் கதை ஒன்றும் இல்லை. தண்டு நிலம் மைசூர் ராஜ்யத்துக்குத் திரும்பியதே 1947 ஜூலையில்தான். வாசலில் மறிக்கும் பழக்கம் அதோடு போய்விடவில்லை. 2014இல் வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாததும், அதே வருஷம் தமிழ்நாடு அதற்காகச் சட்டமே போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில், பங்கு உண்டு. உறுப்பினர் பட்டியலில் தேடினால் கிடைக்காது. கூரையில் இருக்கிறது, தேய்ந்த படியில் இருக்கிறது, அந்தப் பச்சைத் துணியைப் போக்கு மாறாமல் வைத்திருந்த கையில் இருந்தது. கிளப்புக்குள் போக ஒரு உறுப்பினரின் அழைப்பு வேண்டும், அது அமையும்போது அமையட்டும். அதற்கு முன்னால் அட்டார கச்சேரியின் தூண்களையும், சாங்கி கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சையும், மேயோ ஹாலையும் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதே ஊர், அதே கைத்தொழில்.

இன்னொன்று செய்யுங்கள். அந்தக் காலத்தில் பட்லர், பேரர், மார்க்கர் எல்லாரும் வேலையை விடும்போது துரையிடம் ஒரு நற்சான்றுக் கடிதம் வாங்கிக்கொள்வார்கள். அதையும் 'சிட்' என்றே சொல்வார்கள். அடுத்த வேலைக்கு அதுதான் ஆதாரம், அதனால் யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். பெரும்பாலும் டிரங்குப் பெட்டியின் அடியில், பத்திரங்களோடும் கல்யாணப் பத்திரிகையோடும் மடித்துக் கிடக்கும். அம்மாவிடம் கேளுங்கள். கிடைத்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். யுனைடெட் சர்வீஸ் கிளப் என்று அச்சடித்திருந்தால் 1940களின் நடுப்பகுதிக்கு முந்தையது, பெங்களூர் கிளப் என்றிருந்தால் பிந்தையது. தாத்தா எந்த வருஷங்களில் அங்கே நின்றார் என்பதற்கு அதிலிருந்தே நூல் பிடிக்கலாம். மடிப்பை நிமிர்த்தும்போது அவசரப்படாதீர்கள், மடிப்பில்தான் கிழியும். தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள், அது சுண்ணாம்பின் மேல் சிமென்ட் பூசுவது மாதிரிதான். இரண்டு வெள்ளைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். கையெழுத்தைப் படிக்க என்னால் முடிந்தவரை உதவுகிறேன்.